பம்ப்-புரோப் முறைக்குத் தமிழில் என்ன பெயர்? – கலைச்சொல் விவாதம்

> அண்ணாச்சி, வணக்கம். பேராசிரியர் ஐயாவின் பணிநிறைவு மலரில் அவருடைய ஆராய்ச்சி பற்றிய கட்டுரையை என்னிடம் தந்திருக்கிறார்கள். பம்ப்-புரோப் (pump–probe) என்ற லேசர் ஆய்வு முறையின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'எக்கி–துருவி முறை' என்று எழுதிவிடலாமா?

தம்பிக்கு வணக்கம்.

வேண்டாம். எக்கி என்பது தண்ணீர் இறைக்கும் பம்புக்கு வைத்த பெயர். துருவி என்றால் அம்பையிலும் ஆலங்குளத்திலும் தேங்காய்தான் கண்முன் வரும். ஐயா இத்தனை வருடம் இருட்டறையில் கண்ணாடிகளைத் திருகித் திருகி எதைத் தேடினார் என்பதை இந்த இரண்டு சொல்லை வைத்து ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்ல முடியாது. அவர் செய்த வேலையிலிருந்துதான் பெயர் பிறக்க வேண்டும்.

ஐயாவின் தொடக்கம் படிக வளர்ப்பு. நம் பக்கத்துக் கல்லூரிகளில் இயற்பியல் ஆராய்ச்சிக்குப் பலருக்கும் அதுதான் வாசல். உப்பைக் கரைத்து, வடிகட்டி, துளையிட்ட தாளால் மூடி, மெல்ல ஆவியாக விட்டுப் படிகம் திரளக் காத்திருப்பார்கள். பெரிய கருவி தேவையில்லை. அந்தப் படிகத்தைப் பொடித்து, நியோடிமியம்-யாக் லேசரின் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பைப் பாய்ச்சினால், அதற்கேற்ற குணமுள்ள படிகம் அதில் ஒரு பங்கை 532 நானோமீட்டர் பச்சையாகத் திருப்பித் தரும். கர்ட்ஸ், பெர்ரி இருவரும் 1968இல் வெளியிட்ட சோதனை அது. கண்ணுக்குத் தெரியாத ஒளி உள்ளே போய்ப் பச்சையாக வெளியே வந்ததைப் பார்த்த பிறகு லேசரை விட மனம் வரவில்லை என்று ஐயா வகுப்பில் சொல்வார்.

பிறகு வடக்கே ஓர் ஆய்வுக்கூடம், குவாண்டம் பொருள்கள். மீக்கடத்திகளும், மின்னூட்ட அடர்த்தி அலை (எலக்ட்ரான்கள் அலைபோல அடர்ந்தும் தளர்ந்தும் ஒழுங்காக நிற்பது) தோன்றும் படிகங்களும் இந்த வகை. எலக்ட்ரான்களைத் தனித்தனியாக வைத்துக் கணக்குப் போட்டால் இவற்றின் குணம் பிடிபடாது. ('குவாண்டம்' அப்படியே இருக்கட்டும், பாடநூலில் ஊன்றிவிட்டது.)

இங்கேதான் பம்ப்-புரோப் வருகிறது. லேசர்த் துடிப்பு ஒன்றை இரண்டாகப் பிரிக்கிறார்கள். வலுவான பங்கு (பம்ப்) முதலில் பொருளில் விழுந்து அதை நிலைகுலைக்கிறது. மெலிந்த பங்கு (புரோப்) சற்றுப் பிந்தி வந்து, இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்துத் திரும்புகிறது. எந்தக் கைக்கடிகாரமும் அளக்க முடியாத இந்தப் பிந்தலை ஒரு கண்ணாடியை நகர்த்தியே உண்டாக்குகிறார்கள். ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு பிக்கோ நொடி, அதை மீண்டும் ஆயிரமாகப் பிரித்தால் ஃபெம்டோ நொடி. ஒளி ஒரு ஃபெம்டோ நொடியில் 0.3 மைக்ரோமீட்டர்தான் போகும். கண்ணாடியை 15 மைக்ரோமீட்டர் பின்னுக்குத் தள்ளினால், போக வர 30 மைக்ரோமீட்டர் கூடுகிறது. துடிப்பு 100 ஃபெம்டோ நொடி சுணங்கி வந்து சேருகிறது. உலோகத்தில் முதலில் எலக்ட்ரான்கள் சூடேறுவதையும், ஏறக்குறைய ஒரு பிக்கோ நொடியில் அந்தச் சூடு அணுக்களின் அடுக்குக்குக் கைமாறுவதையும் பிரித்துப் பார்க்க முடிவது இதனால்தான். வேதிவினைகளை இப்படி ஃபெம்டோ நொடி அளவில் தொடர்ந்து பார்த்ததற்காக அகமது ஜெவைல் 1999இல் நோபல் பரிசு பெற்றார்.

என் பரிந்துரை: முதலாவது கிளர்த்து துடிப்பு, இரண்டாவது நோட்டத் துடிப்பு, இடையிலுள்ள நேரம் சுணக்கம், கண்ணாடி நகரும் பாதை சுணக்கத் தடம்.

கிளர்வு நிலை, கிளர்ச்சி நிலை என்று மாணவர்கள் ஏற்கெனவே படிக்கிறார்கள், அதோடு ஒட்டிக்கொள்ளும். நோட்டத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'போய் நோட்டம் பாத்துட்டு வா' என்று நம் ஊரில் சொன்னால், எதையும் கலைக்காமல் பார்த்து வா என்று பொருள். நாணயத்தையும் மணியையும் சோதித்தவருக்கு நோட்டக்காரர் என்ற பெயரும் இருந்தது. புரோப் துடிப்பின் முதல் இலக்கணமும் அதுவே: பொருளைத் தன் பங்குக்கு மாற்றிவிடாத அளவு மெலிந்திருக்க வேண்டும். துருவி செய்வது இதற்கு நேர் எதிரான வேலை.

*

> தென்காசியிலிருந்து: 'தூண்டு துடிப்பு' எளிதாக இருக்கிறதே? இல்லையென்றால் 'ஏற்றம்'. பம்புக்கு முன் நம் கிணறுகளில் இருந்தது ஏற்றம்தானே தம்பி. சுணக்கம் என்றால் மெத்தனம் என்று தொனிக்கிறது.

அக்கா, தூண்டுதலை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. ஐன்ஸ்டைன் 1917இல் சொன்ன, லேசருக்கு அடிப்படையான உமிழ்வு 'தூண்டப்பட்ட உமிழ்வு'. ஒரே கட்டுரையில் ஒரு சொல்லை இரண்டு வேலைக்கு வைத்தால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

ஏற்றம் மிக நல்ல சொல், அதை லேசரின் உள்ளே நடக்கும் பம்பிங்குக்கு வைத்துக்கொள்வோம். 1960இல் மைமன் மாணிக்கக் கல் லேசரில் பளிச்சிடும் விளக்கால் குரோமியம் அயனிகளை மேல்நிலைக்கு உயர்த்தினார். ஏற்றம் அதற்கு அச்சாகப் பொருந்தும். ஐயாவின் பொருள்களில் நடப்பதெல்லாம் வெறும் உயர்த்தல் இல்லை. 2014இல் லியூப்லியானா ஆய்வாளர்கள் டான்டலம் டைசல்ஃபைடு படிகத்தில், 35 ஃபெம்டோ நொடிக்கும் குறைந்த ஒற்றைத் துடிப்பால், சாதாரணமாகச் சூடாக்கியோ குளிர்வித்தோ எட்ட முடியாத ஒரு மறைந்த நிலையை எழுப்பினார்கள். மின்தடை விழுந்தது. குளிர்ந்த வெப்பநிலையில் அந்த நிலை அப்படியே நின்றது. பொருளின் ஒழுங்கே மாறுகிற இதைக் கிளர்த்துதல் என்றால் தகும்.

சுணக்கத்தில் மெத்தனத் தொனி உண்டுதான். ஆனால் 'சுணங்காம வா' என்று அம்மா சொல்லும்போது அங்கே இருப்பது நேரக் கணக்கு மட்டுமே. சென்னை வாசகர்களுக்காக முதலில் வரும் இடத்தில் 'கால இடைவெளி' என்று விளக்கிவிடலாம்.

*

> வீரவநல்லூரிலிருந்து: 'கிளர்துடிப்பு' என்று சுருக்கினால் நாவுக்கு இதமாக இருக்குமே, ஐயா.

இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வினைத்தொகை. கிளர்வது துடிப்பு என்றாகிவிடும். கிளர்வது பொருள், கிளர்த்துவது துடிப்பு. பிறவினையை இழக்கக் கூடாது.

முறைக்கு 'கிளர்த்தி நோட்டமிடல்' என்றே வைக்கலாம். முதலில் இது, பிறகு அது என்ற வரிசையை 'கிளர்த்தி' என்ற வினையெச்சமே சொல்லிவிடுகிறது, தனியாக விளக்க வேண்டாம். சிலர் 'ஒளி' சேர்க்கச் சொன்னார்கள். எலக்ட்ரான் துடிப்பால் நோட்டமிடும் ஆய்வுகளும் நடப்பதால் அதைச் சேர்க்க வேண்டாம்.

தம்பி, கட்டுரையின் வரைபடங்களில் கிடைக்கோட்டில் 'சுணக்கம், ஃபெம்டோ நொடி' என்று போடு. அச்சுக்குப் போகுமுன் ஐயாவிடம் ஒருமுறை காட்டிவிடு. அவர் வேறு சொல் சொன்னால் அதுவே இருக்கட்டும்.