கால்வெஸ்டன் லைடார்: கடல்சுவர் விளிம்பு மழுங்குகிறது, வழி சொல்லுங்கள்

டெக்சாஸின் கால்வெஸ்டன் தீவுக்கு லைடார் (லேசர் அளவீடு) புள்ளிகளிலிருந்து 1 மீட்டர் கட்டத்தில் தரைமட்ட மாதிரி தயாராகிறது. பிடால் (PDAL) மென்பொருளில் தரைப்புள்ளிகளைப் பிரித்தெடுக்கும் எஸ்எம்ஆர்எஃப் (SMRF) வடிகட்டி, இயல்பு மதிப்புகள்தான்: சரிவு 0.15, சாளரம் 18, வரம்பு 0.5. மேற்குப் பக்கத்துத் தூண்வீடுகள் சுத்தமாகக் கழிந்துவிடுகின்றன. தகராறு 17 அடி கடல்சுவரில். கடலைப் பார்த்த விளிம்புப் புள்ளிகளைக் கட்டடம் என்று தள்ளிவிடுவதால் உச்சி தாழ்ந்து, வெள்ள மாதிரியில், நிஜத்தில் இல்லாத ஓர் இடைவெளி வழியே தண்ணீர் புகுகிறது. சரிவை 0.3 ஆக்கினால் சுவர் மீள்கிறது, கூடவே மணல்மேட்டுப் புதரும் தரையாகிவிடுகிறது!

சுவர் உச்சியை ஆர்டிகேயில் (செ.மீ. துல்லிய ஜிபிஎஸ்) அளந்து, மாதிரியில் விளிம்பை மழுங்காமல் காக்கும் முறிவுக்கோடாகச் சேர்த்தவர்கள், எத்தனை மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்தீர்கள்? தீவு அமிழ்வதால் பழைய மட்டக்குறிகளின் (உயரம் குறித்த நிலையான அளவைக் குறிகள்) உயரத்தை அப்படியே நம்ப முடியாது. ஜிபிஎஸ் உயரத்தைக் கடல்மட்டத்தை ஒட்டிய உயரமாக்கும் ஜியாய்டு18 மாற்றத்தைச் சரிபார்க்க எதை ஆதாரமாக வைக்கிறீர்கள்? சுவருக்குப் பின்னே விரிகுடாப் பக்கம் தரைச்சரிவு மிகக் குறைவு, 10 செ.மீ. பிசகினாலே வெள்ள எல்லை பல தெரு தள்ளிப்போகும்.