உங்கள் முதல் வழிகாட்டி உங்களுக்கு எப்படிக் கிடைத்தார்?

தொடக்கப் பதிவு

அட்டைப்பெட்டி செய்யும் சிறிய தொழிலை 26 வயதில் தொடங்கினேன். முதல் வருஷமே ஆர்டருக்குக் குறைவில்லை. ஆனால் மாசக் கடைசியில் சம்பளம் போடக் கையில் பணம் இருக்காது. கணக்கு நோட்டில் லாபம், பெட்டியில் ஒன்றுமில்லை. எங்கே தப்பு என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. வீட்டில் வாயைத் திறந்தால் "பேசாமல் வேலைக்குப் போயிருக்கலாம்" என்பார்களோ என்று பயம்.

தொழிலில் பேர் வாங்கிய இருபது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினேன். "எனக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா?" என்பதுதான் அதன் சாரம். இரண்டு பேர் வாழ்த்துச் சொன்னார்கள், மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. அப்போது மனசு விட்டுப் போனது. இப்போது யோசித்தால் அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்பின் தெரியாத ஒருவன், எத்தனை நாளைக்கு என்றே தெரியாத பொறுப்பைத் தலையில் கட்டப் பார்க்கிறான். சம்மதிப்பது கஷ்டம்தான்.

அப்புறம் பணம் கட்டி மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். பெரிய அரங்கம், கைதட்டல், "உன்னால் முடியும்" என்ற பேச்சு, கடைசியில் சான்றிதழ். என் பணம் எங்கே போய் மாட்டிக்கொள்கிறது என்பதற்கு அங்கே விடை இல்லை. பயிற்சியே வீண் என்று சொல்ல வரவில்லை. பின்னால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 'ஸ்டார்ட் அண்ட் இம்ப்ரூவ் யுவர் பிசினஸ்' பயிற்சியில் சேர்ந்தேன். அதில் நான்கு படிகள்: யோசனை தேடுவது, தொழில் தொடங்குவது, நடக்கிற தொழிலைச் சீராக்குவது, பெரிதாக்குவது. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதிலிருந்துதான் பேச்சே ஆரம்பிக்கிறது. நான் மூன்றாவது படி. அடக்கவிலை போடுவது, சரக்கு இருப்பு, கணக்கு எழுதுவது என்று உட்கார்ந்து படித்தேன். என் பிரச்சினையை எண்களில் சொல்லும் பழக்கம் அங்கேதான் வந்தது.

அந்தப் பழக்கம்தான் வழிகாட்டியையும் கொண்டுவந்து சேர்த்தது. தொழில் தொடங்குகிறவர்களையும் அனுபவசாலிகளையும் இலவசமாக இணைத்துவிடும் 'மைக்ரோமென்டர்' தளத்தில், ஆலை நடத்தி ஓய்வு பெற்ற ஒருவருக்கு எழுதினேன். இந்த முறை நாலே வரி. "காகிதம் தருபவருக்கு 15 நாளில் பணம் கட்டுகிறேன். பெட்டி வாங்குபவர்கள் 60 நாளில் தருகிறார்கள். ஆர்டர் கூடக் கூடக் கையில் பணம் குறைகிறது. அரை மணி நேரம் பேச முடியுமா?"

மறுநாளே கூப்பிட்டார். "ஒரு தாளில் கோடு போடுங்க தம்பி. 15-இல் ஒரு புள்ளி, 60-இல் ஒரு புள்ளி. நடுவில் இருக்கிற 45 நாளுக்கு யார் பணம் போடுறது?" என்றார்.

"நான்தான் சார்."

"ஆர்டர் இரட்டிப்பானால்?"

பதில் சொல்லாமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொட்டேஷன் பணம் இல்லாமல் விற்பனையைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். அவர் ஒரே ஒரு வேலை கொடுத்தார்: பெரிய வாடிக்கையாளர்கள் மூன்று பேரிடம் பாதிப் பணம் அட்வான்ஸ் கேட்க வேண்டும். கை நடுங்கத்தான் கேட்டேன். இரண்டு பேர் சம்மதித்தார்கள், ஒருவர் விலகிப் போனார். நடந்ததை அப்படியே இரண்டு வாரத்தில் அவருக்கு எழுதினேன், போன ஆளைப் பற்றியும் சேர்த்து. "யோசனை கேட்டுவிட்டுப் போன நிறையப் பேர் திரும்ப வரவில்லை. நீங்க அடுத்த மாசமும் பேசுங்க" என்றார். நாலு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். வழிகாட்டியாக இருங்கள் என்று அவரிடம் நான் கேட்டதே இல்லை.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். தப்பாகப் போனதையும் சேர்த்து.

மறுமொழி 1

எனக்குத் தேவைப்பட்டது வேறு. கணக்கு வழக்கு எனக்குத் தெரியும், ஆட்களை நடத்தத்தான் தெரியவில்லை. ஒன்பது பேர் வேலை செய்தார்கள், எல்லா முடிவும் என் மேசைக்கே வந்தது. நிர்வாகத்தில் பல வருஷம் இருந்த ஒரு அம்மா, எங்கள் வாரக் கூட்டத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சம்மதித்தார். கையில் கடிகாரமும் பேனாவும் மட்டும். கூட்டம் முடிந்ததும் ஒரு சீட்டைக் கொடுத்தார். 40 நிமிஷக் கூட்டத்தில் 31 நிமிஷம் பேசியது நான். இரண்டு பேர் வாயே திறக்கவில்லை.

"அடுத்த வாரம் கடைசியாகப் பேசும்மா" என்றார். பேசாமல் இருப்பது அவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த இரண்டு பேரில் ஒருவர், மூன்று மாசமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்த பழுதின் காரணத்தைச் சாதாரணமாகச் சொன்னார். அவருக்கு முன்பே தெரியும். யாரும் கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுமொழி 2

தப்பாகப் போனது என்னுடையது. முதல் சந்திப்பிலேயே ஒருவர் கம்பெனியில் 5 சதவீதம் பங்கு கேட்டார், எல்லாரையும் தெரியும் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று முறை பேசினார், அப்புறம் போனை எடுக்கவில்லை. பங்கு இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது.

ஆலோசகருக்குப் பங்கு கொடுப்பது தப்பில்லை, கொடுக்கும் முறை இருக்கிறது. புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்குப் பயிற்சி தரும் 'ஃபவுண்டர் இன்ஸ்டிடியூட்' நிறுவனம் இதற்கென்றே 'ஃபாஸ்ட்' என்ற மாதிரி ஒப்பந்தத்தைப் பொதுவில் வைத்திருக்கிறது. அதில் பங்கின் அளவு 1 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. மொத்தமும் ஒரே நாளில் போய்விடாது, 2 வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். இடையில் நின்றுபோனால் மிச்சம் உங்களுக்கே. கையெழுத்துப் போடும் முன் தயவுசெய்து அதை ஒருமுறை படியுங்கள்.

மறுமொழி 3

என்னைத் தூக்கி நிறுத்தியது மூத்தவர்கள் இல்லை, என்னைப் போலவே தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்த ஆறு பேர். மாசம் ஒருமுறை கூடுவோம், பேசியது அறையை விட்டு வெளியே போகாது. 1987-இல் தொடங்கிய, தொழில் நடத்துகிறவர்களின் அமைப்பான 'ஆன்ட்ரபிரனர்ஸ் ஆர்கனைசேஷன்' தன் உறுப்பினர்களைச் சிறு குழுக்களாகக் கூட்டும்போது வைக்கும் ஒரு வழக்கத்தை நாங்களும் எடுத்துக்கொண்டோம். "நீ இப்படிச் செய்" என்று யாரும் சொல்லக் கூடாது, "எனக்கு இப்படி நடந்தது" என்று மட்டும் சொல்லலாம். கூட்டாளி பிரிந்து போன மாசம் நான் அங்கே போய் எதுவுமே பேசவில்லை. நான்கு பேர் தங்கள் பிரிவைச் சொன்னார்கள். அது போதுமாக இருந்தது.

மறுமொழி 4

நான் தையல் தொழில் தொடங்கி ஏழு மாசம் ஆகிறது. வயது 23. எனக்கு ஒரு நல்ல வழிகாட்டி வேண்டும். யாராவது சொல்லுங்கள் அண்ணா, அக்கா.

பதிவிட்டவர்

வாம்மா. ஆள் தேடுவதை ஒரு நிமிஷம் தள்ளி வை. இந்த வாரம் உன்னைத் தூங்கவிடாமல் செய்கிற விஷயம் எது? ஒன்றே ஒன்று.

மறுமொழி 4

ஒரே வாரத்தில் இரண்டு தையல்காரர்கள் நின்றுவிட்டார்கள். நன்றாகத் தைப்பவர்கள். ஏன் என்று தெரியவில்லை.

பதிவிட்டவர்

அவர்களிடம் கேட்டாயா?

மறுமொழி 4

இல்லை அண்ணா. கூச்சமாக இருந்தது. ஒருவருடைய நம்பர் இருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலம் கூப்பிட்டுப் பேசிவிட்டு இங்கே வந்து எழுதுகிறேன்.