சட்டம் படிக்காத என்னை ஏன் ‘அற்றோர்ணி’ என்று எழுதியிருக்கிறார்கள்?

கொக்குவில் வாத்தியார்:
ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மா, கோண்டாவிலில் உள்ள தன் மூன்று பரப்புக் காணியைப் பார்க்கச் சொல்லி ஒரு பத்திரம் அனுப்பியிருக்கிறா. முழுக்க ஆங்கிலம். என் பெயர் வரும் இடமெல்லாம் ‘அற்றோர்ணி’ என்றே இருக்கிறது. அது வக்கீலுக்குரிய சொல் அல்லவா? நான் கணிதம் படிப்பிக்கிற ஆள். பிழையாக அடித்துவிட்டார்களா? பிறகு ஏதும் வில்லங்கம் வருமா?

பழைய கிளாக்கர்:
தம்பி, பிழை இல்லை. காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் 26 வருடம் கிளாக்கராக இருந்தவன் நான். வெளிநாட்டுப் பத்திரத்தோடு வருகிற ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஆச்சிமார் ‘அற்றோணித் தத்துவம்’ என்பார்களே, தன் அலுவலைப் பார்க்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம், அதுதான் இது.

அந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒருவருக்குப் பதிலாக நியமிக்கப்பட்ட ஆள் என்பதுதான் கருத்து. கோட்டுக்குப் பதிலாளாகப் போனவர்தான் பிறகு வக்கீலானார். அமெரிக்காவில் அந்தப் பெயர் வக்கீலுக்கே நிலைத்துவிட்டது. இங்கிலாந்தில் 1873ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அதை விட்டு, சொலிசிற்றர் என்றார்கள். இங்கே இலங்கையில் தலைகீழ்: அட்வகேற், புறக்டர் என்று இருந்த இரண்டு வகை வக்கீல்களையும் ஒன்றாக்கி 1974இலிருந்து ‘அற்றோர்ணி அற் லோ’.

தமிழில் இந்தக் குழப்பமே இல்லை. கோட்டில் பேசுபவர் சட்டத்தரணி, அரசாங்கத்துக்குச் சட்டமா அதிபர், உம்மைப் போன்றவர் அற்றோணி. ஆங்கிலத்தில் மூவருக்கும் ஒரே சொல்.

ஒன்று கவனியும். பெரியம்மாவின் கையெழுத்தைப் பார்த்து எழுதக் கூடாது. உம்முடைய கையெழுத்தைப் போட்டு, கீழே ‘இன்னாரின் அற்றோணி’ என்று எழுத வேண்டும். பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதியாமல் பாவிக்கவும் வேண்டாம். காணி உமக்கு வந்துவிட்டது என்றும் நினையாதையும், அது இன்னும் அவவின் பெயரில்தான். பத்திரத்தில் ‘விற்க’ என்று இல்லாவிட்டால் விற்கவும் ஏலாது.

சுன்னாகம் மருமகன்:
அண்ணை சொன்னதோடு இதையும் சேருங்கள். லண்டன் மாமாவின் அற்றோணியாக நான் இருந்தேன். வெள்ளிக்கிழமை அவரின் காணியை விற்று உறுதி எழுத எல்லாம் ஒழுங்கு. வாங்குகிறவரின் பிள்ளைகள் கொழும்பிலிருந்து வந்தும் விட்டார்கள். செவ்வாய் இரவு மாமா போய்விட்டார். எழுதிக் கொடுத்தவர் செத்தால் தத்துவமும் அன்றே முடிந்தது. சிலர் ‘யாருக்குத் தெரியும், எழுதும்’ என்று காதுக்குள் சொன்னார்கள். நான் பேனையைத் தொடவில்லை. செத்தவரின் சொத்துக்கான மரணசாதன வழக்கு வைத்து முடிக்க இரண்டு வருடம் போனது.

கொக்குவில் வாத்தியார்:
நன்றி அண்ணை. இப்போதுதான் மூன்றாம் பக்கத்தைப் பார்த்தேன். குத்தகைக்கு விட, வரி கட்ட, எல்லை வேலி திருத்த என்று இருக்கிறது. விற்க என்று இல்லை. வேலியில் நிற்கிற கிளுவையைத் தறிக்கலாமோ?

பழைய கிளாக்கர்:
அதைப் பக்கத்து வளவுக்காரரிடம் கேளும்.