மறு: பக்கம் உருவாக்கும் மென்பொருளுக்கு ஒரு சொல்: வனைவி

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வலையின் தொடக்க கால மென்பொருள்கள் பற்றிய கட்டுரைகளுக்குச் சொற்பட்டியல் தயாரிக்கும் வேலையில் ஒரே ஓர் இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறோம். பக்கங்களைப் படிக்க உதவும் பிரவுசருக்கு உலாவி என்பதில் சிக்கலே இல்லை. மேலோடி, உலவி எல்லாம் வந்து பார்த்தன, உலாவி நிலைத்துவிட்டது. ஆனால் வலைப்பக்கத்தை உருவாக்க உதவிய நெட்ஸ்கேப் கம்போசர், ஃபிரண்ட்பேஜ், பேஜ்மில் இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் என்ன? அண்மையில் வந்த இரண்டு மடல்களுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> தொகுப்பி என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறதே. அதையே வைத்துக்கொண்டால் என்ன? இல்லாவிட்டால் திருத்தி இருக்கிறது.

ஐயா, தொகுப்பி என்றால் நிரலாளர்கள் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளை நினைக்கிறார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பெரிய தடையாகத் தெரிவது பொருள்தான். தொகுப்பவர் ஏற்கெனவே இருப்பதைத் திரட்டுகிறவர். எட்டுத்தொகையைத் தொகுத்தவர்கள் அந்தப் பாடல்களைப் பாடியவர்கள் இல்லை. திருத்தியிலும் இதே குறை: திருத்துவதற்கு முன்பே ஒன்று எழுதப்பட்டிருக்க வேண்டும். கம்போசரைத் திறந்தால் வரும் வெற்றுப் பக்கத்தில் தொகுக்கவும் ஒன்றுமில்லை, திருத்தவும் ஒன்றுமில்லை.

இதற்கு உலாவியோடு ஒட்டி நிற்கும் இணைச்சொல் ஒன்று ஏன் வேண்டும் என்கிறேன் என்றால், வரலாற்றில் இரண்டும் ஒன்றாகத்தான் பிறந்தன. 1990இல் செர்ன் ஆய்வகத்தில், வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ நெக்ஸ்ட் கணினியில் எழுதிய முதல் உலாவிக்கு வேர்ல்ட்வைட்வெப் என்று பெயர். பிறகு நெக்சஸ் என்று மாற்றினார். அதில் படிக்கவும் முடியும், எழுதவும் முடியும். இணைப்புப் போடக் குறிச்சொல் (பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் HTML குறி) எதையும் தட்டச்ச வேண்டியதில்லை. போய்ச் சேர வேண்டிய பக்கத்தைத் திறந்து கட்டளைப் பட்டியல் வழியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு நம் பக்கத்தில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, குறித்ததோடு இணை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், இணைப்பு தயார். நெக்ஸ்ட் கணினி வைத்திருந்தவர்களோ மிகச் சிலர். மற்ற கணினிகளுக்காக நிக்கோலா பெல்லோ எழுதிய, வெறும் எழுத்தை வரிவரியாகக் காட்டும் வரிமுறை உலாவி படிக்க மட்டும்தான். 1993இல் கார்னெல் சட்டப் பள்ளியில் தாமஸ் புரூஸ் விண்டோசுக்கு எழுதிய செல்லோவும் அப்படியே. அதே ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து உலகத்தையே வலைக்கு இழுத்த மொசைக்கிலும் பக்கம் எழுத வழியில்லை. தனிக்கணினிக்கு வலை வந்து சேர்ந்தபோது அதன் எழுதும் கை வெட்டுப்பட்டிருந்தது. அந்தக் கையை மீட்டுத் தந்த மென்பொருள்களுக்குத்தான் பெயர் தேடுகிறோம். அதனால் இரவல் பெயர் போதாது என்று நினைக்கிறேன்.

> கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லா?

இல்லை, இங்கே இரண்டு குலம் இருக்கிறது. 1994இல் டொரொண்டோவின் சாஃப்ட்க்வாட் வெளியிட்ட ஹாட்மெட்டல், 1995இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஹாட்டாக் போன்றவற்றில் குறிச்சொற்கள் கண்ணெதிரே இருக்கும். அவற்றைச் சரியாகப் போட மென்பொருள் உதவும். இவற்றைக் குறிச்சொல் திருத்தி என்றே சொல்லலாம், பொருத்தமாகத்தான் இருக்கிறது. மற்றது குறிச்சொல்லை மறைத்துவிட்டுப் பக்கத்தையே காட்டும் குலம். மெக்கின்டாஷில் அடோபியின் பேஜ்மில், வெர்மீர் நிறுவனம் 1995இல் கொண்டுவந்து 1996 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போன ஃபிரண்ட்பேஜ், நெட்ஸ்கேப்பிடமிருந்து 1996இல் வந்த நேவிகேட்டர் கோல்டு, 1997இல் கம்யூனிகேட்டரோடு வந்த கம்போசர். எனக்குப் பெயர் வேண்டியது இந்தக் குலத்துக்கு.

இதற்கு நான் முந்தைய மடலில் முன்வைத்த சொல் வனைவி. செயலுக்கு வனைதல், வனைவு. குயவர் மண்ணைப் பானையாக உருவாக்குவதைச் சொல்லும் அதே வனைதல்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் மானாமதுரையில் ஒரு வீட்டு வாசலில் மண்பாண்டம் செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுழலும் சக்கரத்தின் நடுவில் மண். ஈரக் கையின் கட்டைவிரல் உள்ளே இறங்கியதும் வாய் திறந்தது. விரல் சற்று விலகினால் விளிம்பு கோணும். அடுத்த சுற்றிலேயே அதே விரல் அதைச் சரிசெய்துவிடும். கையின் ஒவ்வொரு அசைவும் அந்த நொடியே உருவத்தில் தெரிந்தது. கடைசியில் ஒரு நூலால் அடியை அறுத்துப் பானையைத் தூக்கி வைத்தார். கம்போசரில் தலைப்பைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்குவதும், படத்தின் மூலையைப் பிடித்து இழுப்பதும் இதே வகை வேலை. நோட்பேடில் எழுதி, சேமித்து, உலாவிக்குத் தாவி, மீள்ஏற்றிப் பார்க்கும் வேலைக்கு வனைதல் பொருந்தாது. ஆக, இரண்டு குலத்தையும் அந்த ஒரு சொல்லே பிரித்துக் காட்டிவிடுகிறது. திரையில் காண்பதே கடைசியில் கிடைக்கும் என்று சொல்லும் விசிவிக் (WYSIWYG) என்ற சுருக்கத்துக்குக் காண்பதே பெறுவது, கண்டதே கொண்டது என்றெல்லாம் இந்த இழையில் முயன்று பார்த்தோம்; அந்தத் தேவையும் தீர்ந்துபோகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விசிவிக் கொடுக்கும் வாக்குறுதி உண்மையில் பொய்த்துப்போகும். ஒரு திரையில் வனைந்த பக்கம் இன்னோர் உலாவியில், இன்னொரு திரை அளவில், வேறு மாதிரி விழும். 1990களின் கடைசியில், யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்குப் பயன்பட்ட திஸ்கி என்ற குறியாக்கத்தின் எழுத்துருவில் தமிழ்ப் பக்கம் ஒன்றை இப்படிச் செய்தேன். மென்பொருளின் பெயர் வேண்டாம். திரையில் அழகாக இருந்தது. சேமித்து நோட்பேடில் திறந்தால், ஒரு தமிழெழுத்து இருந்த இடத்தில் ஆம்பர்சண்டில் (&) தொடங்கி அரைப்புள்ளியில் (;) முடியும் ஏழெட்டு உரோமன் எழுத்துகள். திஸ்கியில் தமிழ் உட்கார்ந்திருந்த மேல்பாதி எண்களை அது ஐரோப்பிய எழுத்துகள் என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பெயராக விரித்துவிட்டது. ஒரு பக்கக் கவிதையைக் கையால் மீட்க ஓர் இரவு ஆனது. குயவருக்கு இது புதிதில்லை. சக்கரத்தில் பார்த்த பானை காயும்போது சுருங்கும், சூளையில் சில விரியும், கீறும். வனைந்தது வேறு, சுட்டெடுத்தது வேறு என்பது வனைதல் என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நம் சொல் பொய் வாக்கு எதையும் கொடுக்கவில்லை.

> வனைவி என்பது செய்வி, வருவி போலப் பிறவினையாகக் கேட்கிறது. வனையச் செய் என்ற பொருள் வந்துவிடாதா? மேலும் வனைதல் இன்று யாருக்குத் தெரியும்?

அம்மா, நீங்கள் எழுப்பிய முதல் தடை வலுவானது, இரண்டு நாள் யோசித்தேன். வனை மெல்வினை: வனைந்தான், வனைவான். துடைப்பான் என்பதிலிருந்து துடைப்பி வருவது போல, வனைவான் என்பதிலிருந்து வனைவி வருகிறது. வனையி என்றும் ஆக்கலாம், ஆனால் வாயில் நிற்கவில்லை. பிறவினைக் குழப்பம் வரும் என்பது சரிதான். ஆனால் உலாவி என்பதும் வினையெச்சம்தானே? கடற்கரையில் உலாவி வந்தேன் என்கிறோம். அதனால் யாரும் குழம்பவில்லை. வாக்கியத்தில் நிற்கும் இடமே பொருளைத் தெளிவாக்கிவிடுகிறது.

இரண்டாவது தடையை நான் ஏற்கவில்லை. வினை என்றால் என்ன என்று நன்னூலுக்கு உரை எழுதியவர்கள் விளக்கப் போனபோது எடுத்துக்கொண்ட காட்டே குடத்தை வனைந்தான் என்பதுதான். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்ற ஆறையும் இந்த ஒரு வினையை வைத்துக் காட்டினார்கள். பள்ளியில் இலக்கணம் படித்தவர்கள் இதைக் கடந்தே வந்திருப்பார்கள். பேச்சில் குறைந்திருக்கலாம், அறவே மறைந்த சொல் இல்லை. அப்புறம், உலாவி வருவதற்கு முன் உலாவுதலைக் கணினியோடு யார் சேர்த்து நினைத்தார்கள்?

பட்டியலுக்கு என் பரிந்துரை இது. வலைப்பக்கத்தை அதன் தோற்றத்திலேயே உருவாக்க உதவும் மென்பொருள்: வனைவி. வேறுபடுத்த வேண்டிய இடத்தில் மட்டும் பக்கவனைவி. குறிச்சொற்களை நேரடியாக எழுதுவது: குறிச்சொல் திருத்தி. புழக்கத்தில் எப்படி ஒலிக்கிறது என்று நேவிகேட்டர் கோல்டு கட்டுரையின் முதல் பத்தியில் போட்டுப் பார்த்தேன்: "உலாவியோடு வனைவியும் சேர்ந்து வந்ததால், படித்துக்கொண்டிருந்த பக்கத்தை அப்படியே வனைவியில் திறந்து மாற்ற முடிந்தது." எனக்கு உறுத்தவில்லை. நீங்களும் உரக்கப் படித்துப் பாருங்கள்.

தீராதது ஒன்று இருக்கிறது. வலைக்கான தரங்களை வகுக்கும் வைய விரிவு வலைச் சேர்த்தியம் (W3C) 1996இல் தொடங்கி 2012 வரை வெளியிட்ட அமாயாவில், பெர்னர்ஸ்-லீயின் முதல் மென்பொருளைப் போலவே, ஒரே சாளரத்தில் படிக்கவும் வனையவும் முடியும். இந்த இரண்டையும் எப்படி அழைப்பது? உலாவனைவி என்று ஒட்டினால் உலாவுக்கும் வனைவுக்கும் நடுவே உள்ள மூட்டுத் தெரியாமல் போகிறது. உலாவி வனைவி என்று பிரித்தால் இரண்டு மென்பொருள் என்று நினைத்துவிடுவார்கள். உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.

அன்புடன்.