அழிய மறுக்கும் ஃபைல்

காரைக்குடியிலிருந்து: ஆத்தங்குடிக் கல் பதித்த எங்கள் பழைய வீட்டுப் படங்கள் இருக்கும் பென்டிரைவில் ஒரு வீடியோ கெட்டுப்போச்சு, டெலீட் கொடுத்தால் படிக்க முடியவில்லை என்கிறது, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டும் அசையவில்லை. விண்டோஸ் 10. என்ன செய்ய?

தேவகோட்டையிலிருந்து: முதலில் மற்ற படங்களை வேறு டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் கமாண்ட் பிராம்ப்டை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் விண்டோஸ் ஜன்னல்) அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டிரைவின் பிழைகளைத் தேடிச் சரிசெய்யும் செக்டிஸ்க் கட்டளையை chkdsk E: /f என்று கொடுங்கள், E இருக்கும் இடத்தில் உங்கள் பென்டிரைவின் எழுத்தைப் போடுங்கள். பெரும்பாலும் ஃபைல் சிஸ்டம் (எந்த ஃபைல் டிரைவில் எங்கே இருக்கிறது என்ற பதிவு) பிழைதான், சரியானதும் சாதாரணமாகவே அழியும்.

பள்ளத்தூரிலிருந்து: அண்ணன் சொன்னது சரி. ஆனால் வேறு புரோகிராமில் திறந்திருக்கிறது என்று வந்தால் செக்டிஸ்க் தேவையில்லை, எந்தப் புரோகிராம் எதைப் பயன்படுத்துகிறது என்று காட்டும் விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் ஃபைல் பெயரைத் தேடி, பிடித்திருக்கும் புரோகிராமை மூடினால் போதும்.

காரைக்குடியிலிருந்து: செக்டிஸ்க் ஓட்டினேன், போயிடுச்சு. நன்றி அண்ணே.

தேவகோட்டையிலிருந்து: மறுபடி கெட்டால் அந்த பென்டிரைவை நம்பாதீர்கள்.