கன்டெய்னரிலிருந்து வெளியே பிங் போகவில்லை, அவசரம்

பொட்டலம்: நேற்றுவரை ஓடியது. மறுதொடக்கத்துக்குப் பின் கன்டெய்னரிலிருந்து (ஹோஸ்ட் கணினிக்குள் தனியாக ஓடும் லினக்ஸ் சூழல்) பிரிட்ஜுக்கு (ஹோஸ்டில் கன்டெய்னர்களை இணைக்கும் மெய்நிகர் ஸ்விட்ச்) பிங் என்ற சோதனைப் பாக்கெட் போகிறது, வெளியே கூகுளின் 8.8.8.8-க்குப் போகவில்லை. ஹோஸ்டில் ‘ஐபி நெட்என்எஸ் லிஸ்ட்’ காலியாக இருக்கிறது. கன்டெய்னரின் தனி நெட்வொர்க் பகுதியான நேம்ஸ்பேஸே உருவாகவில்லையா?

சுவடி: கன்டெய்னர் மென்பொருள் எது, எல்எக்ஸ்சியா, ஓபன்விஇசட்டா? உள்ளே இயல்பு ரூட் (வெளியே போகும் வழி) இருக்கிறதா? ஃபயர்வால் எது? ஒன்றுமே சொல்லவில்லையே.

நள்ளிரவு: எம்டியு-தான் (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு). விபிஎன் போன்ற சுரங்கத்தின் வழியாகப் போனால் 1500 தாங்காது. 1400 ஆக்கிப் பாருங்கள்.

சுவடி: பிங் பாக்கெட் தலைப்போடு சேர்த்து 84 பைட். அதற்குமா எம்டியு தடை?

மூத்தகர்னல்: அடிப்படையைப் படிக்காமல் கன்டெய்னர் நடத்தப் புறப்பட்டுவிடுகிறார்கள். ‘ஐபி நெட்என்எஸ் லிஸ்ட்’ கட்டளை /வார்/ரன்/நெட்என்எஸ் அடைவில் பெயர் உள்ளவற்றை மட்டுமே காட்டும். எல்எக்ஸ்சி அங்கே பெயர் வைப்பதில்லை. ‘எல்எஸ்என்எஸ் -டி நெட்’ அடியுங்கள், தெரியும். உள்ளே நுழைய என்எஸ்என்டர் இருக்கிறது. பிங் பிரிட்ஜைத் தொடுகிறது என்றால் நேம்ஸ்பேஸும் கன்டெய்னரைப் பிரிட்ஜோடு இணைக்கும் வீத் இணையும் நலமாக இருக்கின்றன என்றுதான் பொருள். இதையும் நான்தான் சொல்ல வேண்டுமா?

பொட்டலம்: எல்எக்ஸ்சி. ரூட் இருக்கிறது. பிஆர்0 பிரிட்ஜில் டிசிபிடம்ப் (பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) வைத்தால் பாக்கெட் தெரிகிறது, ஹோஸ்டின் வெளி இடைமுகமான எத்0-வில் தெரியவில்லை. பாக்கெட்டைக் கடத்திவிடும் ஐபி ஃபார்வர்ட் அமைப்பு 1 (இயக்கம்), தொடக்க ஸ்கிரிப்டில் போடுகிறேன். ஃபயர்வால் என்எஃப்டேபிள்ஸ்; அதில் மாஸ்கரேட் (வெளியே போகையில் ஹோஸ்டின் முகவரியை வைப்பது) இருக்கிறது, ஃபார்வர்ட் விதிகளில் அக்செப்டும் (அனுமதி) இருக்கிறது. நேற்று டாக்கர் என்ற இன்னொரு கன்டெய்னர் மென்பொருளை நிறுவினோம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது.

ஓரக்கண்: அதுதான் சம்பந்தம்! 2017-இல் வந்த 1.13 பதிப்பு முதல், டாக்கர் எழும்போது ஃபார்வர்டிங் அணைந்திருந்தால் அதுவே இயக்கிவிட்டு ஃபார்வர்ட் சங்கிலியின் (கடத்தப்படும் பாக்கெட்டுகளுக்கான விதி வரிசை) கொள்கையை, அதாவது எந்த விதியும் பொருந்தாதபோது செய்வதை, டிராப் (தள்ளிவிடு) ஆக்கிவிடும். நேற்று நிறுவியபோது உங்கள் ஸ்கிரிப்ட் ஏற்கெனவே 1 போட்டிருந்தது, அதனால் கை வைக்கவில்லை. மறுதொடக்கத்தில் டாக்கர் முந்திக்கொண்டது. உங்கள் அக்செப்ட் இங்கே செல்லாது: ஒரே ஹுக்கில் (பாக்கெட் சோதிக்கப்படும் இடம்) ஒரு டேபிள் (விதித்தொகுப்பு) அனுமதித்தாலும் அடுத்த டேபிளும் பார்க்கும், யாராவது ஒருவர் டிராப் செய்தால் கதை முடிந்தது. நம் விதிகளுக்கென டாக்கர் வைத்திருக்கும் டாக்கர்-யூசர் சங்கிலியின் தலையில் இரண்டு விதி செருகுங்கள்: பிஆர்0-விலிருந்து வருவதற்கு அக்செப்ட், பிஆர்0-வுக்குத் திரும்பும் நிறுவப்பட்ட இணைப்புகளுக்கு அக்செப்ட். ஃபார்வர்டிங்கைக் கர்னல் அமைப்புகளுக்கான சிஸ்கன்ட்ரோல் கோப்புக்கு மாற்றுங்கள். அது டாக்கருக்கு முன்பே படிக்கப்படும்.

மூத்தகர்னல்: ஓபன்விஇசட்டின் வெநெட் (அதன் மெய்நிகர் நெட்வொர்க் இடைமுகம்) காலத்தில் இந்தக் கூத்தெல்லாம் இல்லை. முகவரி கொடுத்தால் ஓடும்.

சுவடி: வெநெட்டுக்கு மேக் முகவரி கிடையாது, பிராட்காஸ்ட் கிடையாது, உள்ளே டிஎச்சிபி (தானாக முகவரி வாங்கும் முறை) ஓடாது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா.

மூத்தகர்னல்: சர்வருக்கு எதற்கு டிஎச்சிபி? வெநெட்டில் பக்கத்துக் கன்டெய்னரின் முகவரியைத் திருட முடியாது என்பது உமக்குக் குறையாகத் தெரிகிறதா?

சுவடி: பிரிட்ஜிலும் வடிகட்டி வைத்து அதைத் தடுக்கலாம்.

நள்ளிரவு: எம்டியுவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பொட்டலம்: ஓடுகிறது. நன்றி.

ஓரக்கண்: இரண்டு விதியும் போட்டீர்களா, கொள்கையையே அக்செப்ட் ஆக்கிவிட்டீர்களா? பின்னதென்றால், ஃபார்வர்டிங்கை சிஸ்கன்ட்ரோல் கோப்புக்கு மாற்றாதவரை அடுத்த மறுதொடக்கத்தில் மறுபடி நிற்கும்.