மேலதிக நேரக் கொடுப்பனவு, சேமலாப நிதி தொடர்பாக வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு நகரிலுள்ள தனியார் நிறுவனமொன்றின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் பணிபுரிகின்றேன். இரவு எட்டு மணிக்கு முடிய வேண்டிய வேலை பெரும்பாலும் பத்து மணி வரை நீள்வதால், ஏறாவூருக்கும் செங்கலடிக்கும் போக வேண்டிய சக ஊழியர்கள் பஸ் இன்றி முச்சக்கர வண்டிக்குக் கைக்காசு கொடுக்கின்றார்கள். பஞ்சு பிய்ந்த ஒரே ஹெட்செட்டை மூவர் மாறி மாறி மாட்டுகின்றோம். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வாரம் 45 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவு உண்டு, ஆனால் எமது சம்பளச் சீட்டில் அந்தக் கொடுப்பனவே இல்லை. அதைவிட என்னை வருத்துவது, ஊழியர் சேமலாப நிதிக்கென எங்கள் சம்பளத்தில் 8 வீதம் மாதாமாதம் கழிக்கப்பட்டும், நிறுவனம் செலுத்த வேண்டிய 12 வீதத்துடன் அது வைப்பிலிடப்பட்டதாகக் கணக்கில் தெரியாததே. தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்த அனுபவமுள்ளோர், பெயர் வெளிவராமல் அதைச் செய்ய இயலுமா, நியமனக் கடிதம் தரப்படாதவர்கள் எவற்றைச் சான்றாகக் காட்டலாம் என்பதைத் தயவுசெய்து அறியத்தாருங்கள்.